எல் மொசோத்தே, 1981: ஊருக்குள் போகாமல் எழுதப்பட்ட விசாரணை அறிக்கை

1981 டிசம்பரில் எல் சால்வடோர் நாட்டின் மொராசான் மாகாணத்தில் அரசுப் படை அடுத்தடுத்த சில சிற்றூர்களுக்குள் புகுந்து, அகப்பட்டவர்களையெல்லாம் கொன்றது. அவற்றில் பெரியது எல் மொசோத்தே. கொன்ற படைக்குப் பயிற்சியும் துப்பாக்கியும் தோட்டாவும் தந்தது அமெரிக்க அரசு. கொலையைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. இந்த ஆய்வு அதற்குப் பிந்தைய வாரங்களைத்தான் அதிகம் பார்க்கிறது. செய்தி வந்தபோது ஆயுதம் தந்த அரசு எந்த நாளில் எந்த முடிவை எடுத்தது, ஏன் எடுத்தது, அந்த முடிவுகள் எங்கே கொண்டுபோய் விட்டன என்பதே கேள்வி. சாட்சிகளையும் அதிகாரிகளையும் பொறுப்பால் மட்டுமே குறிப்பிடுகிறேன். பெயரைச் சொன்னால் கோபம் அந்த ஆளோடு நின்றுவிடுகிறது. இங்கே கோளாறு ஆளைவிட நடைமுறையில்தான் அதிகம்.

பின்னணி

எல் சால்வடோர் பரப்பில் தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்குதான் இருக்கும். காப்பித் தோட்டங்கள் சில குடும்பங்களின் கையில், உழைப்பவர்களுக்குச் சொந்த நிலமில்லை, தேர்தல் நடந்தால் மோசடி என்று பல பத்தாண்டுகள் ஓடின. 1979 அக்டோபரில் ராணுவப் புரட்சி நடந்தது. 1980 பிப்ரவரியில் சான் சால்வடோர் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ அமெரிக்க அதிபர் கார்ட்டருக்கு ஒரு கடிதம் எழுதினார். ராணுவ உதவி அனுப்பாதீர்கள், அது மக்கள் மீதான அடக்குமுறையைத்தான் கூர்மையாக்கும் என்பது அதன் சாரம். மார்ச் 24 அன்று திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது அவரைச் சுட்டுக் கொன்றார்கள். உதவி நிற்கவில்லை.

அதே ஆண்டு மே 14 அன்று சும்புல் ஆற்றங்கரையில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். படைக்குப் பயந்து ஆற்றைக் கடந்து ஹோண்டுராஸ் பக்கம் போன குடியானவர்களை, அந்நாட்டுப் படையினர் கரையேற விடாமல் திருப்பினார்கள். இந்தக் கரையில் சால்வடோர் படை காத்திருந்தது. குறைந்தது 300 பேர் இறந்தார்கள் என்று பின்னாளில் ஐ.நா. உண்மை ஆணையம் பதிவு செய்தது. வெளிநாட்டு அரசின் உடந்தை என்றால் ஆயுதக் கப்பல்தான் நம் நினைவுக்கு வரும். எல்லையை மூடி வைப்பதும் போதும் என்று சும்புல் காட்டியது.

1980 டிசம்பர் 2 அன்று நான்கு அமெரிக்கப் பெண்கள், மூன்று கன்னியரும் துறவறம் ஏற்காத மறைப்பணியாளர் ஒருவரும், தேசியக் காவல் படையினரால் வன்புணரப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அமெரிக்கா உதவியை நிறுத்தியது. ஆறு வாரத்தில், அரசை எதிர்த்துப் போரிட்ட இடதுசாரிக் கெரில்லாக்கள் பெரும் தாக்குதலைத் தொடங்கியதும், ராணுவ உதவி மீண்டும் ஓடத் தொடங்கியது. 1984இல் இந்த வழக்கில் ஐந்து காவல் படையினர் தண்டிக்கப்பட்டார்கள். கொடுப்பவர் அழுத்தினால் அங்கே தண்டனைகூடக் கிடைக்கும் என்பதற்கு இது சாட்சி. இறந்தவர்கள் அமெரிக்கர்களாக இருந்தால்.

ரீகன் 1981 ஜனவரியில் பதவிக்கு வந்தார். பக்கத்து நாடான நிகராகுவா 1979 இடதுசாரிப் புரட்சியோடு அமெரிக்காவின் கைநழுவிப் போயிருந்தது. எல் சால்வடோரில் கோடு கிழித்து நிற்பது என்று புதிய நிர்வாகம் முடிவெடுத்தது. அந்த ஆண்டு தொடக்கத்தில் அமெரிக்கச் சிறப்புப் படையினர் பயிற்றுவித்து உருவாக்கிய அதிரடிப் படைப்பிரிவுதான் அட்லகாட்டல். பழைய ராணுவம் முகாமை விட்டு நகராது, இது காட்டுக்குள் போய்ச் சண்டையிடும் என்பதில் ஆலோசகர்களுக்குப் பெருமை இருந்தது.

ஊரின் நிலை

மொராசானின் வடபகுதி கெரில்லாக்களின் பிடியில் இருந்தது. எல் மொசோத்தே மக்கள் பெரும்பாலும் எந்தப் பக்கமும் சாராதவர்கள். அவர்களில் பலர் சுவிசேஷ சபைகளைச் சேர்ந்தவர்கள், கெரில்லாக்களோடு நெருங்காதவர்கள். கெரில்லாக்கள் சந்தைக்கு வருவார்கள், சாமான் வாங்குவார்கள். ராணுவமும் அப்படியே வந்து போகும்.

படை வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியபோது கெரில்லாக்கள் தங்கள் ஆதரவாளர்களை அழைத்துக்கொண்டு விலகிவிட்டார்கள். மொசோத்தேவில் அப்படி நடக்கவில்லை. ஊரின் கடைக்காரருக்கு ராணுவ அதிகாரிகளோடு பழக்கம் இருந்தது. வீட்டிலேயே இருந்தால் ஒன்றும் ஆகாது என்று அவரிடம் ஒரு அதிகாரி சொன்னதாகத் தப்பியவர்கள் பின்னர் கூறினார்கள். அந்த வார்த்தையை நம்பி அக்கம்பக்கத்துக் குக்கிராமங்களிலிருந்தும் குடும்பங்கள் மொசோத்தேவுக்கு வந்து சேர்ந்தன. வழக்கமாகச் சில நூறு பேர் வாழும் ஊர் நிரம்பி வழிந்தது. இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

டிசம்பர் 10 முதல் 13 வரை

10ஆம் தேதி பிற்பகல் அட்லகாட்டல் வீரர்கள் ஊருக்குள் வந்தார்கள். எல்லாரையும் வீட்டைவிட்டு வெளியேற்றி, சதுக்கத்தில் குப்புறப் படுக்க வைத்து, கெரில்லாக்களைப் பற்றிக் கேட்டார்கள். பிறகு வீடுகளில் அடைத்து, தலை நீட்டினால் சுடுவோம் என்றார்கள். அன்றிரவு அப்படியே போனது.

11ஆம் தேதி விடிந்ததும் ஆண்களைத் தனியாகப் பிரித்தார்கள். காலையில் ஆண்களை விசாரித்து, வதைத்து, கொன்றார்கள். நண்பகல் வாக்கில் பெண்களைப் பிள்ளைகளிடமிருந்து பிரித்துக் கும்பல் கும்பலாகக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். கடைசியில் பிள்ளைகள். தேவாலயத்தை ஒட்டிப் பாதிரியார் தங்குவதற்கென்று இருந்த சிறு கட்டடத்தில் அடைத்து வைத்திருந்த பிள்ளைகளை அங்கேயே சுட்டார்கள். பிறகு கட்டடங்களுக்குத் தீ வைத்தார்கள். அதே நாட்களில் லா ஹோயா, ரான்சேரியா, லோஸ் தோரீலஸ், ஹொகோத்தே அமரியோ, செர்ரோ பாண்டோ ஆகிய இடங்களிலும் இதே முறையில் கொலை நடந்தது.

பெண்கள் வரிசையின் கடைசியில் நின்ற 38 வயதுத் தாய் ஒருவர், காவலர்கள் கவனம் பிசகிய நொடியில் ஒரு சிறு மரத்தின் பின்னால் ஒடுங்கிக்கொண்டார். கணவரையும் நான்கு பிள்ளைகளையும் அங்கே இழந்தார். பிள்ளைகளை என்ன செய்வது என்று வீரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதையும் அவர் கேட்டார். ஊரின் நடுவே நடந்ததைக் கோவையாகச் சொல்ல அவர் ஒருவரே மிஞ்சினார். அடுத்த பத்தாண்டு முழுக்க அதுதான் அவருக்கு எதிரான வாதமாகவும் இருந்தது: ஒற்றைச் சாட்சி, அதுவும் கெரில்லா பகுதியில் இருப்பவர்.

செய்தி வெளியே வந்த விதம்

டிசம்பர் நடுவிலேயே ஒரு அமெரிக்கத் திருச்சபை அமைப்பு, மொராசானில் படுகொலை என்று கேள்விப்படுகிறோம், உண்மையா என்று அமெரிக்கத் தூதரகத்தை விசாரித்தது. நம்பத்தக்க தகவல் எதுவும் இல்லை என்ற தோரணையில் ஜனவரியில் பதில் போனது. கெரில்லா வானொலி அந்தத் தாயின் பேட்டியை ஒலிபரப்பியது. கெரில்லா வானொலி சொன்னது என்ற ஒன்றே அதை ஒதுக்கிவைக்கப் போதுமானதாக இருந்தது.

ஜனவரியில் இரண்டு செய்தியாளர்கள் தனித்தனியாக, கெரில்லாக்களின் துணையோடு ஊருக்கு வந்தார்கள். எரிந்த வீடுகளையும் அழுகிய உடல்களையும் பார்த்தார்கள், தப்பியவர்களோடு பேசினார்கள். 1982 ஜனவரி 27 அன்று நியூயார்க் டைம்ஸிலும் வாஷிங்டன் போஸ்ட்டிலும் முதல் பக்கத்தில் செய்தி வந்தது. கிராமத்தார் தொகுத்த பட்டியலில் 733 பெயர்கள். உள்நாட்டு மனித உரிமை அமைப்பு ஒன்று 926 என்றது.

முதல் முடிவு: சான்றுரை

அமெரிக்கக் காங்கிரஸ் அதற்குச் சற்று முன்புதான் ஒரு நிபந்தனை போட்டிருந்தது. எல் சால்வடோர் அரசு மனித உரிமையைக் காக்கக் குறிப்பிடத்தக்க முயற்சி எடுக்கிறது, தன் படைகளைக் கட்டுக்குள் கொண்டுவருகிறது என்று அதிபர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சான்றளித்தால்தான் ராணுவ உதவி தொடரும். முதல் சான்றுரையை ரீகன் ஜனவரி 28 அன்று அளித்தார்.

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். செய்தி வந்தது 27. சான்று கொடுத்தது 28. தூதரகம் ஆளனுப்பி விசாரித்தது 30. விசாரணையின் முடிவு என்னவாக இருக்க வேண்டும் என்பது விசாரணை தொடங்கும் முன்பே தீர்மானமாகிவிட்டது. யாரும் யாருக்கும் கட்டளையிடத் தேவையில்லை. தூதரகத்தில் இருப்பவர்களுக்கும் காலண்டர் பார்க்கத் தெரியும்.

இடையில் 27ஆம் தேதி கெரில்லாக்கள் இலோபாங்கோ விமானத் தளத்தைத் தாக்கிப் பல விமானங்களை அழித்திருந்தார்கள். பிப்ரவரி தொடக்கத்தில் 5.5 கோடி டாலர் அவசர ராணுவ உதவிக்கு ரீகன் ஒப்புதல் தந்தார். சான்றுரை தவறியிருந்தால் இதெல்லாம் சிக்கலாகியிருக்கும்.

இரண்டாவது முடிவு: ஜனவரி 30 பயணம்

தூதரக அதிகாரி ஒருவரும் ராணுவ இணைப்பு அலுவலகத்தைச் சேர்ந்த அதிகாரி ஒருவரும் சால்வடோர் ராணுவத்தின் ஹெலிகாப்டரில் கிளம்பினார்கள். ஊருக்கு மேலே பறந்தார்கள். கூரையில்லாத, சிதைந்த கட்டடங்கள் தெரிந்தன. கீழிருந்து சுடுகிறார்கள் என்று இறங்கவில்லை. பிறகு மாகாணத் தலைநகர் சான் பிரான்சிஸ்கோ கொத்தேராவிலும் சுற்றுவட்டாரத்திலும் அகதிகளையும் உள்ளூர்க்காரர்களையும் விசாரித்தார்கள். கொலை செய்ததாகச் சொல்லப்பட்ட அதே ராணுவத்தின் வீரர்கள் பக்கத்தில் நின்றார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்திலும் பயம் தெரிந்தது என்று அந்த அதிகாரிகளே பின்னாளில் சொன்னார்கள். ஹோகோவாய்த்திகே என்ற ஊரிலிருந்து மொசோத்தேவை நோக்கிப் போனபோது கூட வந்த வீரர்கள் ஓர் இடத்தில் நின்றுவிட்டார்கள். அதற்கு மேல் வர மாட்டோம் என்றார்கள். அதிகாரிகளும் திரும்பிவிட்டார்கள்.

அதற்குச் சில வாரம் முன்புதான் இரண்டு செய்தியாளர்கள் அதே ஊருக்குப் போய்த் திரும்பியிருந்தார்கள். போக வழி இருந்தது. ஆனால் அது எதிரியின் வழி, தூதரக அதிகாரி அதில் போக முடியாது. இந்தக் கட்டுப்பாடு உண்மையானது, அவர்களைக் கோழைகள் என்று சொல்லிவிட்டுப் போவதில் பொருளில்லை. அடுத்து எழுதியதில்தான் பிழை.

மூன்றாவது முடிவு: தந்தி

தூதர் கையொப்பத்தோடு தந்தி வாஷிங்டனுக்குப் போனது. சாரம் இதுதான். அரசுப் படைகள் வரம்பு மீறினவா என்பதை உறுதிப்படுத்தவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. மக்களைச் சண்டைக் களத்திலிருந்து அகற்றக் கெரில்லாக்கள் எதுவும் செய்யவில்லை என்பது உறுதி. பொதுமக்கள் இறந்தது உண்மை. ஆனால் அரசுப் படை திட்டமிட்டுப் படுகொலை செய்தது என்பதற்கோ, வெளியில் சொல்லப்படும் எண்ணிக்கையை நெருங்குமளவுக்குப் பேர் இறந்தார்கள் என்பதற்கோ ஆதாரம் கிடைக்கவில்லை.

வாக்கியம் வாக்கியமாக எடுத்தால் இதில் வெளிப்படையான பொய் என்று ஒன்றைச் சுட்டுவது கடினம். ஆதாரம் கிடைக்கவில்லை என்பது உண்மைதான், ஆதாரம் கிடந்த இடத்துக்குப் போகவில்லையே! ஆனால் உறுதி எங்கே விழுகிறது, ஐயம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பார்க்காத ஊரில் கெரில்லாக்கள் செய்யத் தவறியது உறுதி. அதே பார்க்காத ஊரில் ராணுவம் செய்தது ஐயம். அதிகாரிகள் தங்கள் கண்ணால் கண்ட முகங்களின் பயமும், வீரர்கள் போக மறுத்த விஷயமும் முடிவில் எடை பெறவில்லை.

ஏன் அப்படி எழுதினார்கள்? நேரில் காணாததை உறுதியாக எழுதக் கூடாது என்ற தொழில் ஒழுக்கம் ஒரு காரணம். எழுதினாலும் வாஷிங்டன் நம்பாது, எழுதியவர்தான் நம்பகம் இழப்பார் என்ற கணக்கு இன்னொன்று. இரண்டும் சேரும்போது மிதமான வாக்கியம் பிறக்கிறது. மேலே போகப் போக அந்த மிதம் மறுப்பாகிவிடுகிறது.

பிப்ரவரி 2 அன்று வெளியுறவுத் துறையின் உதவிச் செயலர் காங்கிரஸ் குழு முன் பேசினார். இரண்டு தூதரக அதிகாரிகளை அனுப்பி விசாரித்தோம், திட்டமிட்ட படுகொலைக்கு ஆதாரமில்லை, 733, 926 என்ற எண்களுக்குப் பக்கத்தில்கூட எதுவும் இல்லை என்றார். அந்த ஊரில் மொத்தமே 300 பேர்தான் என்ற வாதமும் வந்தது. விசாரித்தவர்கள் ஊருக்குள் கால் வைக்கவில்லை என்பது அங்கே முன்னுக்கு வரவில்லை. சில நாளில் மனித உரிமைக்கே பொறுப்பான இன்னொரு உதவிச் செயலர், எண்கள் நம்பும்படி இல்லை, கெரில்லாக்கள் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்துகிறார்கள் என்றார்.

ஒரு விவரம் கவனிக்கத்தக்கது. பிப்ரவரி 1 அன்றே தூதர் வேறொரு தந்தியில், தன் கருத்தைச் சொல்லும்போது மிகுந்த கவனம் தேவை என்று வாஷிங்டனைக் கேட்டுக்கொண்டிருந்தார். தான் படுகொலையை மறுக்கவில்லை, நடக்கக் கூடாதது ஏதோ நடந்திருப்பதாகவே தோன்றுகிறது, ராணுவம் அத்துமீறியிருக்கக் கூடும் என்பது அதன் பொருள். அந்த எச்சரிக்கை காங்கிரஸின் காதுக்கு எட்டவில்லை.

300 என்ற எண்ணுக்கு வருகிறேன். சாதாரண நாளில் அது சரியாகவே இருந்திருக்கலாம். டிசம்பர் 10 சாதாரண நாளல்ல. அக்கம்பக்கத்துச் சனம் முழுக்க அங்கே வந்து ஒண்டியிருந்தது. செய்தியில் வந்த பட்டியல்களும் ஒரே ஊருக்கானவை அல்ல. மக்கள்தொகையைக் குறைத்துக் காட்டினால் சாவு எண்ணிக்கை தானாகப் பொய்யாகிவிடும். 2009இல் வன்னியில் 70,000 பேர்தான் இருக்கிறார்கள் என்று இலங்கை அரசு சொல்லிக்கொண்டிருந்ததும், பிறகு முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களே இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல் இருந்ததும் நம்மில் யாருக்கும் மறந்திருக்காது. எண்ணிக்கைச் சண்டை எங்கும் இப்படித்தான் தொடங்குகிறது.

தொடர்ந்தது

வால் ஸ்ட்ரீட் ஜர்னல் தலையங்கம் அந்தச் செய்தியாளர்களை எளிதில் ஏமாறுபவர்கள் என்ற பாணியில் சாடியது. அவர்களில் ஒருவர் பின்னர் மத்திய அமெரிக்காவிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார். சான்றுரை மேலும் மூன்று முறை அளிக்கப்பட்டது. 1983 நவம்பரில் அந்தச் சட்ட நிபந்தனையை நீட்டிக்கும் மசோதாவில் ரீகன் கையெழுத்திட மறுத்தார், அதோடு சடங்கும் முடிந்தது. படைப்பிரிவின் தளபதி 1984இல் ஹெலிகாப்டர் வெடித்து இறந்தார். படைப்பிரிவு தொடர்ந்தது. 1989 நவம்பர் 16 அன்று தலைநகரின் பல்கலைக்கழக வளாகத்தில் ஆறு இயேசு சபைக் குருக்களையும், சமையல்காரப் பெண்மணியையும், அவர் மகளையும் கொன்றவர்கள் அதே அட்லகாட்டல் வீரர்கள். அதற்குப் பிறகுதான் காங்கிரஸ் ராணுவ உதவியைப் பாதியாகக் குறைத்தது. போர் 1992 ஜனவரி 16 உடன்படிக்கையோடு முடிந்தபோது ஏறத்தாழ 75,000 பேர் இறந்திருந்தார்கள்.

தோண்டியபோது கிடைத்தது

1990 அக்டோபரில் லா ஹோயாவைச் சேர்ந்த குடியானவர் ஒருவர் கொத்தேரா நீதிமன்றத்தில் புகார் கொடுத்தார். பேராயத்தின் சட்ட உதவி அலுவலகம் துணை நின்றது. தோண்டினால் செத்த கெரில்லாக்கள்தான் கிடைப்பார்கள் என்று உச்ச நீதிமன்றத் தலைவரே பேசிக்கொண்டிருந்த காலம். 1992 அக்டோபரில் அர்ஜென்டினாவின் தடய மானுடவியல் குழு, பாதிரியார் கட்டடம் நின்ற இடத்தில் இறங்கியது.

மேல் மண்ணை அகற்ற, சரிந்த ஓடுகளும் எரிந்த மரமும் வந்தன. அதன் கீழே எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக. ஆய்வகத்தில் 143 பேர் என்று பிரித்தெடுத்தார்கள். 131 பேர் 12 வயதுக்குட்பட்டவர்கள். பிள்ளைகளின் சராசரி வயது ஆறு. பெரியவர்கள் ஏழு பேர் மட்டுமே, அவர்களில் ஒருவர் நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணி. குறைந்தது ஒன்பது பேரின் உடலுக்கு நேர் கீழே தரையில் தோட்டா பாய்ந்திருந்தது. தரையில் கிடந்தவர்களை மேலிருந்து சுட்டிருக்கிறார்கள். இருதரப்புச் சண்டையில் அகப்பட்டு இறந்தார்கள் என்ற பத்தாண்டு வாதம் அந்தத் தரையில் முடிந்தது.

காலித் தோட்டா உறைகள் 245 கிடைத்தன. தோட்டாவின் பின்பக்க வட்டத்தில் எந்த ஆலையில் செய்தது என்ற குறியைப் பொறிப்பது வழக்கம். துருவை நீக்கி உருப்பெருக்கியில் வைத்தபோது 184 உறைகளில் குறி தெளிவாகத் தெரிந்தது. எல்லாம் மிசூரி மாநிலத்தின் லேக் சிட்டியில் அமெரிக்க அரசுக்காகத் தயாரிக்கப்பட்டவை. ஒன்றைத் தவிர எல்லாம் எம்-16 துப்பாக்கியில் சுட்டவை. ஒவ்வொரு துப்பாக்கியும் உறையில் விடும் கீறல் வேறுவேறு. அதை வைத்துக் குறைந்தது 24 துப்பாக்கிகள் சுட்டிருக்கின்றன என்று கணக்கிட்டார்கள். ஒரு பைத்தியக்காரச் சிப்பாயின் வேலையில்லை, உத்தரவின்படி நின்று சுட்ட ஓர் அணி. உதவி கொடுத்த நாடு எது என்று வேறு யாரும் சொல்ல வேண்டிய தேவையும் அங்கே இல்லாமல் போயிற்று.

விளைவு

1993 மார்ச் 15 அன்று ஐ.நா. உண்மை ஆணையம் அறிக்கை தந்தது. பெயர் அடையாளம் தெரிந்த 500க்கு மேற்பட்டோர் மொசோத்தேவிலும் சுற்றூர்களிலும் திட்டமிட்டுக் கொல்லப்பட்டார்கள், செய்தது அட்லகாட்டல் என்றது. ஐந்தே நாளில் சால்வடோர் சட்டமன்றம் எல்லாருக்கும் பொதுமன்னிப்பு வழங்கிச் சட்டம் இயற்றியது. புகார் கிடப்பில் போனது. அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்க வெளியுறவுத் துறை அமைத்த குழு, மொசோத்தே விஷயத்தில் உண்மையைக் கண்டறியத் துறை தவறிவிட்டது என்று ஒப்புக்கொண்டது. துறையின் நம்பகத்தன்மைக்கு நேர்ந்த சேதத்தையும் அது கணக்கில் எடுத்தது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பது அதன் ஆய்வு வரம்பில் இல்லை.

2012 ஜனவரியில் சால்வடோர் அதிபர் மொசோத்தேவுக்கே வந்து அரசு சார்பில் மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு அமெரிக்கக் கண்ட மனித உரிமை நீதிமன்றம் அரசே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. 2016 ஜூலையில் பொதுமன்னிப்புச் சட்டம் செல்லாதென்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, கொத்தேராவில் வழக்கு மீண்டும் திறந்தது. அரசுப் பதிவேடு இறந்தவர்களை 978 என்று கணக்கிட்டது. அதில் பாதிக்கு மேல் சிறுவர் சிறுமியர். 926 என்ற எண்ணுக்குப் பக்கத்தில்கூட எதுவும் இல்லை என்று சொல்லப்பட்ட காங்கிரஸ் அறை நினைவுக்கு வருகிறது.

2020இல் விசாரணை நீதிபதி ராணுவக் காப்பகங்களைப் பார்க்க நேரில் போனார். வாசலிலேயே ராணுவம் தடுத்துவிட்டது. 2021இல் நிபுணர் சாட்சி ஒருவர், அந்த நடவடிக்கை நடந்தபோது மொராசானில் அமெரிக்க ராணுவ ஆலோசகர் ஒருவர் இருந்தார் என்று நீதிமன்றத்தில் கூறினார். அதே ஆண்டு 60 வயதைக் கடந்த நீதிபதிகளுக்குக் கட்டாய ஓய்வு தரும் சட்டம் வந்தது. அந்த நீதிபதி வழக்கை முடிக்காமலே வெளியேறினார்.

எதை மாற்ற வேண்டும்

இன்னொரு அரசின் குற்றத்துக்கு உதவிய அரசுக்குப் பொறுப்பு உண்டு என்பதை ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் 2001இல் எழுதிய அரசுப் பொறுப்பு விதிகளின் 16ஆம் விதி சொல்கிறது. ஆனால் சூழ்நிலையை அறிந்தே உதவியிருக்க வேண்டும். அறிந்தால்தான் பொறுப்பு என்று சட்டம் நிற்கும்போது, அறியாமல் இருப்பதே லாபமாகிவிடுகிறது. ஜனவரி 30 பயணத்தை நான் இந்த வெளிச்சத்தில்தான் படிக்கிறேன். போய் வந்தோம் என்று காட்டவும் வேண்டும், தெரிந்துகொண்டோம் என்று ஆகிவிடவும் கூடாது. ஆகவே, உதவி பெறும் படைமீது நம்பத்தக்க புகார் வந்த நாளே அறிந்த நாளாகக் கணக்கிடப்பட வேண்டும். 1997இல் வந்த அமெரிக்காவின் லீஹி சட்டம் பாதி தூரம் வந்தது. நாட்டை விட்டுவிட்டுப் படைப்பிரிவைப் பார்க்கிறது, நம்பத்தக்க தகவல் இருந்தாலே உதவியை நிறுத்தச் சொல்கிறது. ஆனால் எது நம்பத்தக்கது என்று சொல்லும் அதிகாரம் அதே வெளியுறவுத் துறையிடம் இருக்கிறது. 1982இல் சாட்சி சொன்ன துறை அது.

கள அறிக்கை எழுதுவோருக்கு இதிலிருந்து நேரடிப் பயன் உண்டு. அறிக்கையின் முதல் பத்தியிலேயே எங்கே போனோம், எங்கே போக முடியவில்லை, யார் தடுத்தார்கள், பேட்டியின்போது பக்கத்தில் யார் நின்றார்கள் என்பது வர வேண்டும். கண்டறியவில்லை என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே தேடவில்லை என்ற விவரமும் இருந்தால், மேலே இருப்பவர் அதை மறுப்பாக வளைப்பது அவ்வளவு எளிதாக இருக்காது. ஒற்றைச் சாட்சி என்று தள்ளுவதற்கு முன் மற்ற சாட்சிகள் ஏன் இல்லை என்று கேட்பதும் அறிக்கையின் வேலைதான்.

தோட்டா விஷயம் தனி. 2014 முதல் நடைமுறையில் உள்ள ஆயுத வணிக உடன்படிக்கை தோட்டாவையும் தன் வரம்பில் சேர்க்கிறது. அமெரிக்கா கையெழுத்திட்டதோடு நின்றது, 2019இல் அதிலிருந்தும் பின்வாங்கியது. மொசோத்தேவில் ஆலை எது என்று பதினொரு ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. எந்தச் சரக்கு எந்தப் படைப்பிரிவுக்கு எப்போது போனது என்ற ஏட்டை கொடுப்பவர் வைத்திருந்து, நீதிமன்றம் கேட்டால் தர வேண்டும் என்பது பெரிய புரட்சியொன்றும் இல்லை. பணம் கொடுக்கும்போது போடும் ஒப்பந்தத்தில் இன்னொரு வரியையும் சேர்க்கலாம். இந்த உதவியைப் பெறும் படையின் ஏடுகள் அந்நாட்டு நீதிபதிகளுக்குத் திறந்திருக்க வேண்டும். அப்படியொரு வரி இருந்திருந்தால், 2020இல் காப்பக வாசலில் நின்ற நீதிபதியின் கையில் காட்டுவதற்கு ஒரு தாளாவது இருந்திருக்கும்.